மலைப்பாதையும் பழைய ஜீப்பும்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் ஏறியிருக்கிறீர்களா? வளைந்து வளைந்து செல்லும் அந்தச் சாலை காவலூரை அடைந்து, அங்கிருந்து ஜமுனாமரத்தூரை நோக்கிப் போகிறது. காவலூர் என்றதும் வானியல் ஆர்வம் உள்ளவர்களுக்கு அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகம் நினைவுக்கு வரும். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் அங்கே ஆய்வு தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்து சேர்ந்தன. விண்மீன்களைப் பார்ப்பதற்குக்கூட முதலில் மண்ணில் ஒரு பாதை வேண்டும் அல்லவா?

அந்தத் தார்ச் சாலையிலிருந்து இருபுறமும் மண்பாதைகள் பிரிகின்றன. சாமை விளையும் சரிவுகளையும், ஓடைகளையும், பாறைகளையும் தாண்டிச் சிற்றூர்களுக்குப் போகும் பாதைகள் அவை. இத்தகைய பாதைகளில் எல்லா வண்டிகளும் போய்விட முடியாது. ஒரு காலத்தில் அதற்கென்று நம் நாட்டில் இருந்த ஒரே பெயர் 'ஜீப்'. இன்று அந்தப் பழைய ஜீப்புகளைத் தேடிப் பிடித்து, பழுது நீக்கி, மீண்டும் மலையேற்றிப் பார்க்கும் ஆர்வம் இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. இந்த வண்டி எப்படிப் பிறந்தது, எப்படி நம் மலைக்கு வந்தது, அதை முறையாக மீட்டெடுக்க எந்த அறிவியல் துணை நிற்கிறது என்பதைக் காண்போம்.

நான்கு சக்கரமும் ஏன் இழுக்க வேண்டும்?

சாதாரணக் காரில் எஞ்சினின் ஆற்றல் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. மற்ற இரண்டும் சும்மா உருளுகின்றன. சமவெளியில் இதனால் குறையொன்றும் இல்லை. மலையில் என்ன ஆகும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வண்டியின் எடை 1,000 கிலோ என்று கொள்ளுங்கள். பாதை பத்து மீட்டருக்கு மூன்று மீட்டர் உயருகிறது. அந்தச் சரிவில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 290 கிலோ எடைக்குச் சமம். மழையில் நனைந்த மண்ணுக்கும் டயருக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.4 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாய்வதால், பின்சக்கரங்கள் இரண்டும் சுமார் 575 கிலோவைத் தாங்கும். அவை வழுக்காமல் தரக்கூடிய அதிகபட்ச விசை 575-ஐ 0.4-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 230 கிலோ. தேவையோ 290. ஆகவே எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் சக்கரம் சேற்றில் சுழலுமே தவிர வண்டி ஏறாது. நான்கு சக்கரங்களும் இழுத்தால் அந்த விசை 380 கிலோ அளவுக்கு உயர்கிறது. வண்டி ஏறிவிடும்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? மலையில் முதல் தேவை எஞ்சினின் வலிமை அன்று; மண்ணைப் பற்றும் பிடிமானமே.

இந்த உண்மை நெடுநாளைக்கு முன்பே தெரிந்திருந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்பைக்கர் நிறுவனம் 1903-ஆம் ஆண்டிலேயே நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஒரு பந்தயக் காரைச் செய்து காட்டியது. ஆனால் முன்சக்கரங்களை இயக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. அவை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். திரும்பிய நிலையில் இருக்கும் சக்கரத்துக்குச் சாதாரண மூட்டின் வழியாகச் சுழற்சியைக் கொடுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இருமுறை கூடி இருமுறை குறையும், ஸ்டியரிங் துடிக்கும். கோணம் எப்படி மாறினாலும் ஒரே சீரான வேகத்தைக் கடத்தும் மூட்டுகள் 1920-களில் உருவான பிறகே இந்தச் சிக்கல் தீர்ந்தது. குண்டுகள் உருளும் பள்ளங்களைக் கொண்ட செப்பா மூட்டு அவற்றுள் ஒன்று. போர்க்கால ஜீப்புகளின் முன் அச்சில் அதைக் காணலாம்.

நாற்பத்தொன்பது நாளில் பிறந்த வண்டி

1940-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. அமெரிக்கப் படைக்குக் குதிரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பதிலாக ஒரு சிறு வண்டி தேவைப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் 135 நிறுவனங்களுக்கு அழைப்புப் போயிற்று. நான்கு சக்கர இயக்கம் வேண்டும், எடை 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும், முதல் மாதிரி வண்டியை 49 நாள்களில் ஒப்படைக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரில், நொடித்துப் போகும் நிலையில் இருந்த பாண்டம் என்ற சிறு நிறுவனம் துணிந்து முன்வந்தது. கார்ல் புராப்ஸ்ட் என்ற பொறியாளர் இரண்டே நாளில் வரைபடங்களை முடித்தார். கெடு முடியும் நாளான செப்டம்பர் 23 அன்று மாதிரி வண்டி படையின் சோதனைத் தளத்தை அடைந்தது. ஆனால் பெரும் ஒப்பந்தம் பாண்டமுக்குக் கிடைக்கவில்லை. 60 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினை வைத்திருந்த வில்லிஸ் நிறுவனத்துக்கு அது 1941-இல் போயிற்று. பிறகு அதே வடிவத்தில் ஃபோர்டு நிறுவனமும் செய்தது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 6,40,000 வண்டிகளைச் செய்து குவித்தன. 590 கிலோ என்ற வரம்பு நடைமுறைக்கு ஒவ்வாமல் போயிற்று; இறுதி வடிவம் சுமார் 1,100 கிலோ எடை கொண்டிருந்தது.

'ஜீப்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? படையின் குறியெழுத்துகளான 'ஜி.பி.' என்பதன் மருஉ என்பர் சிலர். 1936-இல் பாப்பாய் சித்திரக்கதையில் தோன்றிய, எங்கும் புகுந்து புறப்படும் 'ஜீப்' என்ற விநோத விலங்கின் பெயரே என்பர் வேறு சிலர். பெயர் எப்படி வந்தாலும் உலகம் அதை ஏற்றுக்கொண்டது. பிரிட்டனில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் தம் பண்ணையில் ஓட்டிய போர்க்கால ஜீப்பைப் பார்த்தே லேண்ட் ரோவரை உருவாக்கினார். அது 1948-இல் வெளிவந்தது. பிலிப்பைன்ஸ் மக்கள் போரில் எஞ்சிய ஜீப்புகளை நீட்டி 'ஜீப்னி' என்ற பயணிகள் வண்டியாக்கிக் கொண்டனர். பழையதை மீட்டெடுக்கும் கலை அந்த வண்டியுடன் கூடவே பிறந்தது எனலாம்.

இந்தியாவுக்கு வந்த கதை

பர்மாப் போர்முனைக்காக நேச நாட்டுப் படைகள் இந்தியாவில் இறக்கிய தளவாடங்களோடு ஜீப்பும் நம் நாட்டுக்கு வந்தது. அசாமிலுள்ள லேடோவிலிருந்து காடும் மலையும் கடந்து சீனாவுக்குப் போட்ட சாலையில் 1945 ஜனவரியில் முதல் வண்டித்தொடர் புறப்பட்டது. சேற்றிலும் சரிவிலும் ஜீப்பின் அருமையை நம்மவர் கண்டது அப்போதுதான்.

1945-இல் லூதியானாவில் தொடங்கப்பட்ட ஓர் உருக்கு வணிக நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் பங்குதாரரான குலாம் முகமது பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948-இல் நிறுவனம் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று பெயர் மாறியது. 1940-களின் இறுதியில் அது வில்லிஸ் ஜீப்பின் உறுப்புகளை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பின்னர் உறுப்புகளையும் இங்கேயே செய்யலாயிற்று.

பழைய தமிழ்த் திரைப்படங்களில் உயர்ந்த மூக்கும் வட்ட விளக்குகளும் கொண்ட ஜீப்பைப் பார்த்திருப்பீர்கள். அதுவே 'சி.ஜே. 3பி' என்ற வகை. அதன் பானெட் ஏன் அத்தனை உயரம்? போர்க்கால எஞ்சினில் வால்வுகள் பக்கவாட்டில் இருந்தன. அதன் கொள்ளளவை மாற்றாமல் வலிமையைக் கூட்டுவதற்காக, காற்றை உள்ளே விடும் வால்வுகளை மேலே தூக்கி வைத்தார்கள். எஞ்சின் உயர்ந்தது, அதை மூட பானெட்டும் உயர்ந்தது. ஓர் இயந்திரத்தின் முகத்தைப் பார்த்தே அதன் உட்புறத்தைப் படிக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1952 அக்டோபர் 2 அன்று சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப் கிராமங்களுக்கு அறிமுகமாயிற்று. மலேரியாத் தடுப்பு, பெரியம்மை ஒழிப்பு, தேர்தல் பணி, வனத்துறைக் காவல் என்று எல்லாவற்றுக்கும் ஜீப்பே ஓடியது. ஊருக்குள் ஜீப் வந்தால் 'அரசாங்கம் வந்திருக்கிறது' என்று பொருள். 1973-இல் பெட்ரோல் விலை உலகெங்கும் ஏறியபின் டீசல் எஞ்சின் ஜீப்புகள் பெருகின. படைக்காக ஜபல்பூரில் நிஸான் வடிவத்தில் செய்யப்பட்ட 'ஜோங்கா' மற்றொரு வலிய வண்டி. படையிலிருந்தும் அரசு அலுவலகங்களிலிருந்தும் ஏலத்தில் கழிக்கப்பட்டவையே பெரும்பாலும் இன்று ஆர்வலர்களின் கைக்கு வருகின்றன.

வண்ணப்பூச்சு மீட்பாகாது

பழைய ஜீப்பைப் புதுப்பிப்பது பற்றி நம் நாட்டு வரலாறே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1948-இல் காஷ்மீர்ப் போரின்போது, லண்டனில் இருந்த இந்தியத் தூதர் வி. கே. கிருஷ்ண மேனன், ஓர் அந்நிய நிறுவனத்திடமிருந்து படைக்கு ஜீப்புகள் வாங்க சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார். பழையவற்றைப் புதுப்பித்துத் தருவதாக ஏற்பாடு. வந்து சேர்ந்தவை 155 மட்டுமே. அவையும் படைக்கு உதவாதவை என்ற குற்றச்சாட்டு எழுந்து, நாடாளுமன்றம் அமளிப்பட்டது. 1955 செப்டம்பர் 30 அன்று அரசு அந்த விவகாரத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். 'புதுப்பித்தது' என்ற சொல்லை நம்பி, உள்ளே பார்க்காமல் எதையும் வாங்கலாகாது என்பது அதன் தொழில்நுட்பப் பாடம்.

ஆகவே மீட்டெடுப்பவர் முதலில் வண்டியை அடையாளம் காண வேண்டும். போர்க்கால வண்டி என்று சொல்லி விற்றால் சட்டத்தின் முன்பக்கக் குறுக்குக் கம்பியைப் பாருங்கள். வில்லிஸ் வண்டியில் அது உருண்டைக் குழாய். ஃபோர்டு வண்டியில் கவிழ்த்த பள்ள வடிவம். ஃபோர்டு தன் போல்ட்டுகளில்கூடத் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்திருந்தது. சட்ட எண், எஞ்சின் எண் இரண்டும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு சட்டம். பள்ளம் மேடுகளில் பல ஆண்டுகள் முறுக்குண்ட சட்டம் கண்ணுக்குத் தெரியாமல் கோணியிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு நூலும் தூக்குக்குண்டும் போதும். சமதளத்தில் நிறுத்தி, சட்டத்தின் இருபுறமும் ஒத்த புள்ளிகளைத் தரையில் குறித்து, மூலைக்கு மூலை நூல் பிடித்து அளக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் சட்டம் நேராக உள்ளது. பள்ளியில் படித்த செவ்வகத்தின் பண்பு பட்டறையில் இப்படிப் பயன்படுகிறது! சமமில்லை என்றால் அதன்மேல் எவ்வளவு அழகான உடலைப் பூட்டினாலும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும்.

மூன்றாவது, நிறுத்தும் வல்லமை. பழைய ஜீப்பின் டிரம் பிரேக்குகளுக்கு ஒரே ஒரு எண்ணெய்ச் சுற்றுதான். எங்கேனும் ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரங்களும் பிரேக்கை இழந்துவிடும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நெடிய இறக்கத்தில் டிரம் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி மிதியடி 'புஸ்' என்று உள்ளே போய்விடும். ஆகவே சிலிண்டர்களின் ரப்பர்கள், குழாய்கள், எண்ணெய் அனைத்தையும் மாற்றிய பிறகே எஞ்சின் பக்கம் போக வேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம். அதன் தூசியை வாயால் ஊதுவதும் காற்றடித்து நீக்குவதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைப்பதே முறை.

எஞ்சினைப் பொறுத்தவரை இக்காலத்துக்குரிய ஓர் எச்சரிக்கை உண்டு. இப்போது நம் பெட்ரோலில் எதனால் கலக்கப்படுகிறது. பழைய காலத்து ரப்பர்க் குழாய்களும் பெட்ரோல் பம்பின் டயாஃபிரமும் அதைத் தாங்கமாட்டா. உப்பி, வெடித்து, கசியும். சூடான எஞ்சின் மீது பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது நெம்புகோலின் இரகசியம்

ஜீப்பில் கியர்த்தடிக்கு அருகில் இன்னும் இரண்டு சிறு தடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று முன்சக்கரங்களை இணைக்க. மற்றொன்று வேகத்தை மேலும் குறைக்க. இவை இரண்டும் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' எனப்படும் பங்கீட்டுப் பெட்டியை இயக்குகின்றன.

சி.ஜே. 3பி வண்டியின் முதல் கியர் எஞ்சினின் சுழற்சியை 2.8 மடங்கு குறைக்கிறது. பங்கீட்டுப் பெட்டியின் தாழ்நிலை 2.46 மடங்கும், அச்சிலுள்ள கிரௌன் பினியன் 5.38 மடங்கும் குறைக்கின்றன. மூன்றையும் பெருக்கினால் 37. அதாவது எஞ்சின் 37 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடும்போது வண்டி மணிக்குச் சுமார் நான்கு கிலோமீட்டர் வேகத்தில், அதாவது மனிதன் நடக்கும் வேகத்தில் ஊரும். வேகம் குறைந்த அளவுக்குத் திருப்பு விசை கூடுகிறது. ஏற்றத்தில் இது இழுக்கிறது. இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. மலையிறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

முன்சக்கர இணைப்பை எப்போதும் போட்டே வைக்கலாமா? கூடாது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வளைவில் செல்கின்றன. அதிக தூரம் உருள வேண்டும். ஆனால் பழைய ஜீப்பின் பங்கீட்டுப் பெட்டி முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே வேகத்தில் கட்டிப்போட்டுவிடுகிறது. சேற்றில் டயர் சற்று வழுக்கி இந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. பல்சக்கரங்களும் மூட்டுகளும் முறுக்கேறித் தேயும். பல பழைய ஜீப்புகளின் முன் அச்சு பாழாவதற்கு இந்த அறியாமையும் ஒரு காரணம்.

இன்னொரு எளிய உண்மை. டயரில் காற்றழுத்தத்தைப் பாதியாக்கினால், அது தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். மணலிலும் சேற்றிலும் புதையாமல் போக இது உதவும். சாலைக்குத் திரும்பியதும் மறவாமல் காற்றடித்துவிட வேண்டும்.

சட்டமும் மலையும்

மீட்டெடுப்பது வேறு, மாற்றிக் கட்டுவது வேறு. உற்பத்தியாளர் தந்த அமைப்பினின்று வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-இல் தனி விதிகள் வந்தன. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது. ஆகவே வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நலம்.

மலைக்கும் ஒரு சட்டம் உண்டு. ஜவ்வாது மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியின்றி அதற்குள் வண்டியை விடுவது குற்றம். சட்டத்தை விடுங்கள், மண்ணை நினைத்துப் பாருங்கள். சரிவில் சக்கரம் பதித்த தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகிறது. வாய்க்கால் மேல்மண்ணை அரித்து ஓடையில் தள்ளுகிறது. செய்யாறு பிறப்பது இந்த மலையில்தான். மேலே ஒரு நாள் விளையாட்டுக்காகக் கிழித்த மண், கீழே உள்ள உழவனின் நீரைக் கலக்குகிறது. சாமைக் கொல்லையின் வரப்பு, வண்டியோட்டிக்குச் சவாலாகத் தோன்றலாம். மலைவாழ் குடும்பத்துக்கோ அது ஆண்டு முழுவதற்குமான உணவு.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான சாலை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைய முடியாமல் உயிரிழந்தது. திரும்பும் வழியிலும் ஆம்புலன்ஸ் முழுத் தொலைவு ஏற இயலாமல், பெற்றோர் அந்தச் சிறு உடலைக் கையில் ஏந்தி நடந்தனர். நாம் பொழுதுபோக்காகத் தேடிப் போகும் 'பாதையில்லாப் பாதை' அங்கே வாழ்வோருக்கு அன்றாடத் துன்பம். அவர்களுக்கு வேண்டியது சாகசம் அன்று, சாலை.

பழைய ஜீப்பை மீட்டெடுப்பது வீண்வேலையா? இல்லை. நூலைப் பிடித்துச் சட்டத்தை அளக்கும் இளைஞன் வடிவியலைக் கற்கிறான். பல்சக்கரத்தை எண்ணும்போது இயக்கவியலைக் கற்கிறான். தேய்ந்ததைத் தூக்கி எறியாமல் சீர்செய்யும் பண்பையும் கற்கிறான். அந்த வண்டி போருக்காகப் பிறந்தது. நம் நாட்டில் அம்மை குத்துபவரையும் மலேரியா மருந்து தெளிப்பவரையும் சுமந்து பெருமை பெற்றது. அதை மீட்பவர்கள் அந்தப் பெருமையையும் சேர்த்து மீட்கட்டும். அடுத்தமுறை மலைப்பாதையில் வண்டியைச் செலுத்தும்போது, பாதை ஓரத்தில் யாரேனும் நோயாளியோடு நின்றால், பின் இருக்கையைக் காலியாக்கிக் கொடுங்கள். ஜீப் மலைக்கு வந்தது அதற்காகத்தான்.